முன்னாள் இளம்பெண்

பால்துரையைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, மருந்துக்கடை ஞானதிரவியம் எப்போதும்போல மைக்கின் பொத்தானை அழுத்தி, எப்போதும்போலத் தொண்டையைச் செருமி, தேரிக்குளம் அமெச்சூர் ரேடியோ சங்கத்தார் தினமும் அலைவரிசையில் கூடும் காலை வலைக்கு எல்லா நிலையங்களையும் வருக வருக என்று அழைத்து, ஒவ்வொருவரின் அழைப்புக்குறியாகச் சொல்லி ஆஜர் எடுத்துக்கொண்டே வந்தவர், கொள்ளிக்குடம் உடைந்த சத்தம் இன்னும் காதில் இருந்தபோதும், வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பழக்கத்தில், பட்டியலில் அடிக்க மறந்த பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டார். "பாப்பா கிலோ டெல்டா, பாப்பா கிலோ டெல்டா, இருக்கீங்களா, ஓவர்." கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்த நாக்கை விடுவதற்குள் பதில் வந்துவிட்டது. "பாப்பா கிலோ டெல்டா ஆஜர். எல்லாருக்கும் காலை வணக்கம். வானம் தெளிவு, லேசான காத்து, இங்கே எல்லாம் நலம், ஓவர்." அது பால்துரையின் குரல்தான்.

வேறு ஊராக இருந்தால், வேறு ஆட்களாக இருந்தால், மைக்கைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள், இல்லாவிட்டால் மாரடைத்துப் பக்கத்திலேயே விழுந்திருப்பார்கள். ஞானதிரவியம் என்ன செய்தார் என்றால், பொத்தானை மறுபடி அழுத்தி, "உங்க சிக்னல் ஐந்துக்கு ஒன்பது, நேத்தைக்கு முந்தின நாளைவிட அருமையா வருது, ஏரியல் மாத்தினீங்களா, ஓவர்" என்று கேட்டார். "இல்லை, அதே டைபோல்தான்" என்று பதில் வந்தது. அடுத்த நிலையம் ஆஜர் சொன்னது, அதற்கடுத்த நிலையமும் சொன்னது, வலை முறைப்படி முடிந்தது, எல்லாரும் எல்லாருக்கும் எழுபத்து மூன்று, அதாவது அவர்கள் பாஷையில் நல்வாழ்த்து, சொல்லிக்கொண்டு பெட்டியை அணைத்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

செம்மண் தேரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஊரில் பதினைந்து இருபது ஆண்கள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. புயலில் டெலிபோன் கம்பங்கள் சாய்ந்தால் கலெக்டர் ஆபீசுக்குச் செய்தி சொல்வார்கள். திருவிழாவுக்கு நடந்துபோகிற கூட்டத்தில் காணாமல்போன பிள்ளைகளை வாக்கி டாக்கியில் தேடிப் பிடிப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பனங்காட்டுக்குள் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, ஆளாளுக்கு ஏரியலைத் தூக்கிக்கொண்டு அதைத் தேடி முள்ளில் கிழிபட்டு வந்து கோழிக்குழம்பு சாப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்பதும், கேட்கிறது என்று பதில் சொல்வதும்தான் வேலை. கேட்கிறது என்று தெரிந்த பிறகு என்ன பேசுவது என்பதை அந்தச் சங்கம் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர்களுக்கென்று ஒரு பாஷையும் உண்டு. அழைப்புக்குறியில் வருகிற ஆங்கில எழுத்து பி-யைப் பாப்பா, கே-யைக் கிலோ, டி-யை டெல்டா என்பார்கள். செத்தவரைச் செத்தவர் என்று சொல்லமாட்டார்கள், சைலன்ட் கீ என்பார்கள். ஒருவர் அப்படி ஆகிவிட்டால் அலைவரிசையில் ஒரு நிமிஷம் யாரும் மூச்சுவிடாமல் மௌனம் காப்பார்கள். பெண் குரல் கேட்டால், அவள் பேரன் பேத்தி எடுத்தவளாக இருந்தாலும், ஒய்.எல்.; இளம்பெண் என்று அதற்கு அர்த்தம். கட்டிய பெண்டாட்டி மட்டும் எக்ஸ்-ஒய்-எல். முன்னாள் இளம்பெண். ஏன் இப்படி என்று கேட்டால், உலகம் பூராவும் இதுதான் வழக்கம், நாங்களா கண்டுபிடித்தோம் என்று கையை விரிப்பார்கள்.

பால்துரையின் எக்ஸ்-ஒய்-எல்லுக்குத் தங்கபுஷ்பம் என்று பெயர். சாவு வீட்டில் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தவளிடம் பக்கத்துவீட்டுச் சண்முகக்கனி ஓடிவந்து, "யக்கா, அண்ணாச்சி பேசுதாவளாம், மருந்துக்கடைக்காரரு கூப்பிட்டாராம், ஆஜர் சொன்னாவளாம்" என்று மூச்சு வாங்கச் சொன்னபோது, தங்கபுஷ்பத்துக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "கூப்பிட்டாப் பேசுவாவ. மைக்குலதான பேசுவாவ" என்றாள். பக்கத்து அறையில் பால்துரையின் பெட்டி வயர் பிடுங்கப்பட்டு, மேலே போர்த்திய துண்டோடு, விபூதிப் பூச்சோடு கிடந்தது. அதில் உயிரில்லை என்பதை மூன்று பேர் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கட்டிக்கொடுத்து வந்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசியதை எல்லாம் ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். இந்தா, கொண்டா, வை, போதும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, வீட்டுக்கு வந்தால் பெட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பின்லாந்துக்காரனிடம் மழையைப் பற்றியும் பிரேசில்காரனிடம் முழங்கால்வலியைப் பற்றியும் அத்தனை பதமாக, அத்தனை பொறுமையாகப் பேசிக்கொண்டிருப்பதை அடுக்களையிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் தன் புருஷனுக்கு முழங்கால் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு பேசுவார் என்று காத்திருந்தாள். ஓய்வு பெற்ற வாரம் அவர் ஏரியலை இன்னும் உயரமாக ஏற்றினார். பிறகு ஒருநாள் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டோடு விழுந்தார், அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று: அந்த மனுஷன் தன்னோடு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உட்கார்ந்து பேசியிருக்கலாம். செத்தவரோடு அந்த ஆசையும் போய்விட்டது என்று அதற்கும் சேர்த்துத் தலைமுழுகியிருந்தாள். இப்போது அவர் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் பூராவோடும் பேசுகிறார் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

ஊர் அதிசயத்தை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது தனிக்கதை. முதல் வாரம் எல்லாரும் ஏன், எப்படி என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்கள். சங்கக் கட்டிடத்து மாடியில் ஒலிபெருக்கி கட்டப்பட்டது, டீக்கடை பெஞ்சுகள் அதற்கு நேராகத் திருப்பிப் போடப்பட்டன. வானம் தெளிவு என்று பால்துரை சொன்னால் வற்றல் காயப்போட்டார்கள், லேசான மேகம் என்றால் எடுத்து உள்ளே வைத்தார்கள். ஏற்கெனவே சைலன்ட் கீ ஆன மற்ற உறுப்பினர்களின் வீட்டார் வந்து எங்க அப்பாவையும் கூப்பிடுங்கள், எங்க சித்தப்பாவையும் கூப்பிடுங்கள் என்று நின்றார்கள். ஞானதிரவியமும் தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டார். இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்த வீட்டார் அதற்குப் பிறகு தங்கபுஷ்பத்தைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். என்னமோ அவள்தான் தன் புருஷனை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி வந்துவிட்ட மாதிரி.

பதினாறாம் நாள் தாலியை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. பதில் சொல்கிற புருஷனுக்கு எப்படித் தாலி கழற்றுவது? பதில் சொன்னாலும் செத்தவன் செத்தவன்தானே? தெருப் பெண்கள் கூடி இரண்டு மணி நேரம் பேசி முடிவு செய்தார்கள்: காலையில் வலை நடக்கிற நேரம் மட்டும் அவள் சுமங்கலி, பொட்டும் பூவும் வைக்கலாம், வலை முடிந்து எழுபத்து மூன்று சொன்னதும் அழித்துவிட வேண்டும். ஆறே முக்காலுக்கு ஒருத்தி பூ கொண்டுவந்து வைப்பாள், ஏழரைக்கு இன்னொருத்தி வந்து எடுப்பாள். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் எழுத்தர், "நானே இன்னைக்குக் காலையில கேட்டேன், நல்லாத்தாம்மா பேசுனாரு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது அவளுக்கு இத்தனை தொந்தரவு இருந்ததில்லை.

அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றால் அலைவரிசையில். அரிய இடங்களோடு கிடைக்கும் தொடர்புகளைத் தபால்தலைபோலச் சேர்க்கிறவர்கள் அவர்கள்; இறந்தவரோடு தொடர்பு என்பது அவர்கள் கணக்கில் எந்தத் தீவிலும் எந்தத் துருவத்திலும் கிடைக்காத தொடர்பு. ஜப்பானும் பின்லாந்தும் பிரேசிலும் காலை ஏழு மணிக்கு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பாப்பா கிலோ டெல்டாவைக் கூப்பிட்டார்கள், அவரும் உயிரோடிருந்தபோது ஒருநாளும் வாய்க்காத அந்தக் கூட்ட நெரிசலை ஆளுக்கு இத்தனை நொடி என்று அழகாகச் சமாளித்து, சிக்னல் அளவு கொடுத்து, சிக்னல் அளவு வாங்கி அனுப்பினார். தொடர்பு நடந்ததற்கு அத்தாட்சியாகச் சங்கம் பனைமரப் படம் போட்ட கார்டு அச்சடித்து அவர்களுக்குத் தபாலில் அனுப்பியது. செத்தவரிடம் கேட்க மனுஷர்களுக்கு எத்தனையோ இருக்கும். இவர்கள் கேட்டது என்ன ஏரியல், எத்தனை வாட், கேபிள் எந்த வகை. ஒரே ஒருவர், சங்கத்துக்குப் புதிது, வழக்கம் தெரியாமல், "அங்கே எப்படி இருக்குங்க, ஓவர்" என்று கேட்டுவிட்டார். "இங்கே இரைச்சல் ரொம்பக் குறைவு, நல்ல இடம், ஓவர்" என்றார் பால்துரை. சங்கத்தில் பலபேருக்கு அன்று முழுக்கப் பொறாமையாக இருந்தது.

ஒருநாள் தங்கபுஷ்பம் மருந்துக்கடைக்கே போனாள்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை நான் பேசிக்கிடட்டுமா?"

ஞானதிரவியம் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர்தான், அவளுக்குத் தைலம் சும்மாவே கொடுப்பவர். "மதினி, லைசென்ஸ் இல்லாதவங்க மைக்கைத் தொடப்பிடாது. சட்டம். உங்களுக்குத் தெரியாததா."

"செத்தவரு பேசலாமா?"

"அவரு லைசென்ஸ் இன்னும் காலாவதி ஆகலையே."

அவருக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். "என்ன கேக்கணும்னு சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றார். அது, பந்தல்காரனிடம் நாற்காலி கேட்டுவிடுகிற மாதிரி, ஒருவரிடம் சொல்லிவிடுகிற விஷயமா என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்குத் திரும்பினாள். மறுநாள் அவராகவே நல்ல எண்ணத்தில் அலைவரிசையில் கேட்டார்: "பாப்பா கிலோ டெல்டா, வீட்டில் உங்களை விசாரிச்சாங்க, அவங்களுக்கு ஏதாச்சும் சொல்லணுமா, ஓவர்." பதில் உடனே வந்தது. "எக்ஸ்-ஒய்-எல்லா? அவ நல்லா இருக்கா, அடுக்களையில நிக்கா. அடுத்த நிலையம் வரலாம், ஓவர்." டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள், அந்த மனுஷன் கொஞ்சமும் மாறவில்லை என்று.

தங்கபுஷ்பம் அன்றைக்கே சங்கத்திலிருந்து பரீட்சைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். ஓமும் வாட்டும், அலை நீளமும், எந்த அலைவரிசையில் யார் பேசலாம் பேசக்கூடாது என்பதும், தமிழே இல்லாத அந்தப் புத்தகத்தை அவள் மகன் பெங்களூரிலிருந்து போனில் வாசித்து வாசித்துச் சொன்னான், "உனக்கெதுக்கும்மா இந்த வயசுல" என்பதையும் இடையிடையே சொன்னான். திருநெல்வேலிக்குப் போய்ப் பரீட்சை எழுதி முதல் தடவை தோற்றாள், இரண்டாவது தடவையும் தோற்றாள், மூன்றாவது தடவை தேறினாள். லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, "கணவர் இருக்காரா?" என்று கேட்டார். "காலையில ஏழு மணிக்குக் கேட்டுப் பாருங்க" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அதெல்லாம் முடிந்து லைசென்ஸ் தபாலில் வர ஒரு ஐப்பசி மழையும் ஒரு கோடையும் ஆனது. அவளுக்கு வந்த அழைப்புக்குறியில் நடுவில் டபிள்யூவுக்கு விஸ்கி என்று இருந்ததில் தெருவுக்கே சிரிப்பு.

நவம்பர் விஸ்கி டேங்கோ முதல்முதலாக வலைக்கு வந்த அன்று, பால்துரையின் நாற்காலியில், துண்டு விலக்கி மறுபடி வயர் மாட்டிய பெட்டிக்கு முன்னால், பொட்டும் பூவுமாக அவள் உட்கார்ந்திருக்க, பின்னால் தெருப் பெண்கள் கதவுவரை நின்றார்கள். என்ன பேசுவது என்று எத்தனையோ நாளாக மனசில் ஓட்டி வைத்திருந்தாள். முழங்காலுக்கு ஏன் என்னிடம் தைலம் கேட்கவில்லை என்பதிலிருந்து தொடங்குவதாக இருந்தாள். ஞானதிரவியம், "புது நிலையம், நவம்பர் விஸ்கி டேங்கோ, பாப்பா கிலோ டெல்டாவோட பேசலாம்" என்று வழிவிட்டார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "நாந்தான்" என்றாள். "நாந்தான் பேசுதேன். கேக்கா?"

"நவம்பர் விஸ்கி டேங்கோ, காலை வணக்கம் மேடம். உங்க சிக்னல் ஐந்துக்கு ஒன்பது. நம்ம ஊர்லேர்ந்து ஒரு ஒய்.எல். குரல் கேட்கிறது ரொம்ப மகிழ்ச்சி. பெயர் சொல்லுங்க, ஓவர்."

"தங்கபுஷ்பம்."

"பெயர் கிடைச்சது. தங்கபுஷ்பம். தங்கபுஷ்பம். அழகான பேர் மேடம். இதுவரை கேட்டதில்லை, ஓவர்."

பின்னால் நின்ற பெண்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவர் வாயிலிருந்து தன் பெயர் வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் இரண்டு தடவை, உருட்டி உருட்டி, ஆசையாக. "நான் உங்க வீட்டுக்காரி" என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவும் சொன்னாள். "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க மேடம், எழுபத்து மூன்று" என்றார் பால்துரை. அவள் பொத்தானை விட்டாள். கொடுத்துவைத்தவள் என்று சொல்லிக்கொண்டே பெண்கள் கலைந்தார்கள், பூவை எடுக்கிறவள் வந்து பூவை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வலைக்குப் போகக்கூடாது என்று நினைத்தாள். போனாள். அதற்கு மறுநாளும் போனாள். வேறென்ன செய்வாள், அந்தக் குரல் அத்தனை பதமாக அவளிடம் ஒருநாளும் வந்ததில்லை. மேடம் என்று கூப்பிட்டு அவர் அவளிடம் சின்ன வயசில் கடலைக் கண்டு பயந்ததைச் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் இரவு வேலையில் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்துவிட்டு, யாராவது தன்னைக் கூப்பிடமாட்டார்களா என்று உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார், அவள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு மறுநாள் விசாரித்தார். அவள் ஒரு பஸ் கண்டக்டரைப்போலப் பேசிக்காட்டினாள், அவர் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டே சிரித்தார், டீக்கடையும் சிரித்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷமாக இருந்ததை நினைத்தால் கசப்பாகவும் இருந்தது. இத்தனை பேச்சு இந்த மனுஷனுக்குள் இருந்திருக்கிறது, ஒரு சுவர் தள்ளி.

ஒருநாள் அவள் கேட்டாள். "உங்க எக்ஸ்-ஒய்-எல்லைக் கொஞ்சம் மைக்குக்குக் கூப்பிடுங்களேன். நான் பேசணும், ஓவர்."

"எதுக்கு மேடம்? அவளுக்கு இதெல்லாம் வெளங்காது."

"நீங்க பேசிப் பாத்திருக்கீங்களா? ஓவர்."

"அவகிட்ட பேச என்ன மேடம் இருக்கு," என்றார் பால்துரை. கோபமாக இல்லை, வெறுப்பாகக்கூட இல்லை. வானம் தெளிவு என்று சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

அன்று பகல் முழுக்கத் தங்கபுஷ்பம் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஆஜர் எடுப்பு பாதியில் இருக்கும்போது பொத்தானை அழுத்தி, "பிரேக், பிரேக், பிரேக்" என்றாள். அந்த வார்த்தையை மூன்று தடவை சொன்னால் உயிர் போகிற விஷயம் என்று அர்த்தம், கப்பல் மூழ்கினாலும் தீப்பிடித்தாலும்தான் அப்படிச் சொல்லலாம், சொன்னால் உலகத்தில் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வழிவிட வேண்டும். ஜப்பானும் பின்லாந்தும் அடங்கின. டீக்கடையில் தம்ளர் சத்தம் நின்றது.

"பாப்பா கிலோ டெல்டாவுக்கு ஒரு செய்தி," என்றாள். "உங்க எக்ஸ்-ஒய்-எல். தவறிட்டாங்க. ஓவர்."

இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளுக்குள் இன்னும் ஒரு மூலையில் ஏதோ ஒன்று அவர் அழுவார் என்று எதிர்பார்த்தது.

"ரோஜர்," என்றார் பால்துரை. "செய்தி முழுசும் கிடைச்சது. தகவலுக்கு நன்றி மேடம்."

ஞானதிரவியம் தடுமாறினார். யார் யாருக்குச் சாவு சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அலைவரிசையில் வந்த செய்தியை முறைப்படி எடுத்துக்கொள்ளாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "அப்படின்னா, ஒரு நிமிஷ மௌனம்..." என்று தொடங்கினார்.

"அவளுக்கு லைசென்ஸ் கிடையாதே," என்றார் பால்துரை.

"ஆமா. அது சரிதான்" என்றார் ஞானதிரவியம், கொஞ்சம் யோசித்து. "அடுத்த நிலையம் ஆஜர் சொல்லலாம், ஓவர்."

ஆனால் ஊர் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது. ஏழு மணிக்குக் காற்றில் வருவது பொய்யாகாது என்று நம்பி வற்றல் காயப்போடுகிற ஊர் அது. எட்டு மணிக்குள் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். சண்முகக்கனி முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு முதலில் வந்தாள், பூக்கடைக்காரர் மாலை கொடுத்தனுப்பினார், யாரோ பெஞ்சுகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். வாசலில் நின்று அவர்களை வரவேற்றவள் தங்கபுஷ்பம். அவளைப் பார்த்து யாரும் குழம்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகச் செத்தவன் சொல்லும் வானிலையில் வாழ்கிறவர்களுக்கு இதில் குழம்ப என்ன இருக்கிறது?

"எப்பக்கா போச்சு?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

"எப்பவோ போயிருக்கும் போல. நான் இன்னைக்குத்தான் சொன்னேன்."

"எப்படி இருப்பாவ?" என்று கேட்டாள் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த ஒருத்தி.

தங்கபுஷ்பம் பாயில் உட்கார்ந்து சொன்னாள். அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வரும்போது கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள், வாயை மூடத் தெரியாது, அப்பா வீட்டில் ரேடியோ என்றுதான் பட்டப்பெயர், கண்டக்டரைப்போலப் பேசிக்காட்டுவாள், வாத்தியாரைப்போலப் பேசிக்காட்டுவாள், ஊரே சிரிக்கும். இங்கே வந்து முதல் வருஷம் பேசினாள். இரண்டாவது வருஷம் அவருக்குக் கேட்கட்டுமே என்று அடுக்களையில் பாத்திரத்தோடு பேசினாள். அப்புறம் பாத்திரத்தோடும் பேசவில்லை. சொல்லச் சொல்லப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுததில் பாதி அவரவர் வீட்டு அடுக்களைக்குத்தான் அழுதிருக்க வேண்டும். கடைசியில் தங்கபுஷ்பமும் அழுதாள். புருஷன் செத்தபோது வராத அழுகை நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது, அந்தப் பெண்ணுக்காக அவளைவிட்டால் அழ வேறு யாருக்கு உரிமை இருக்கிறது? மத்தியானம்வரை அழுதுவிட்டு, எல்லாருக்கும் முகம் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, வாசல் தெளித்துவிட்டாள்.

மறுநாள் காலை பூ கொண்டுவருகிறவள் வரவில்லை, செத்த வீடு என்று விட்டுவிட்டாள். தங்கபுஷ்பம் வெறும் நெற்றியோடு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைப் போட்டாள், மைக்கைத் தொடவில்லை. ஞானதிரவியம் வரிசையாக ஆஜர் எடுத்து வந்து, பாப்பா கிலோ டெல்டா என்று கூப்பிட்டு, தழுதழுத்த குரலில், "வீட்டில் எப்படி இருக்கு, ஓவர்" என்று கேட்டார்.

"வானம் தெளிவு, லேசான காத்து, இங்கே எல்லாம் நலம்," என்றார் பால்துரை. அப்புறம் சற்றுத் தயங்கி, "காப்பிதான் இன்னும் வரலை, ஓவர்."

பால் கொதித்து அடுப்பில் வழிந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் தங்கபுஷ்பத்துக்குத் தான் அடுக்களையில் நிற்பது தெரிந்தது. எப்போது எழுந்தாள், எப்போது பாலை வைத்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கை தானாகத் தம்ளரை எடுத்திருந்தது, அரைச் சர்க்கரை போட்டிருந்தது, அவர் குடிக்கிற அளவு. அந்தத் தம்ளரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அறையில் அவர் ஜப்பானுக்குச் சிக்னல் அளவு கொடுத்துவிட்டு, நடுவில் ஒருமுறை யாரிடமோ போல, "இந்தா, காப்பி கொண்டா" என்றார்.

அவள் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை அள்ளிப் போட்டு ஆற்றினாள். எடுத்துக்கொண்டு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து அவர் இன்னும் வரலை, இன்னும் வரலை என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருக்க, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை, தானே குடித்தாள்.